மண் முழுங்கிய டிஏபி

மரக்காணம்,
17 ஏப்ரல் 2025

அன்பு மகள் பூவிழிக்கு,

உன் அப்பன் கலியமூர்த்தி எழுதுவது. நான் நலம், உன் அம்மா நலம், மல்லாட்டை மட்டும் நலமில்லை. உன் புத்தகத்தில் அதற்கு வேர்க்கடலை என்று பேர்.

போன வாரம் போனில் நாம் போட்ட சண்டையைக் கேட்டு எதிர்வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்தாராம், நம் சண்டை இன்னும் தெளிவாகக் கேட்கட்டும் என்று. உன் அம்மா அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"மண்ணப் பத்தி இனிமே அப்பனும் பொண்ணும் போன்ல பேசக் கூடாது. பேசினா கத்தறீங்க. எழுதுங்க. எழுதறப்ப கத்த முடியாதுல்ல."

அதனால் இந்தக் காகிதம். எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். நீயும் அப்படியே கையால் எழுதி அனுப்பு. பத்தாவது வரைக்கும் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அதற்கு மேல் பள்ளிக்கூடம் என்னைக் கூப்பிடவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். போனில் நீ பாதியிலேயே சிரித்துவிட்டாய்.

அம்மாவின் கண் சங்கதி உனக்குத் தெரியும். உப்பு மேட்டில் வெயில் பட்டுத் திரும்பி முகத்தில் அடிக்கிறதே, அந்த வெளிச்சம்தான் கண்ணைக் கெடுக்கிறது, இனி உப்பளத்துப் பக்கம் போகவே கூடாது என்று புதுச்சேரி டாக்டர் சொல்லிவிட்டார். உன் அம்மா கேட்பாளா? "வூட்ல சும்மா குந்திக்கினு இருந்தா கண்ணு பொழைக்கும், நான் செத்துடுவேன்" என்று கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூடையோடு கிளம்பிவிடுகிறாள். அங்கே நான்தான் மேஸ்திரி. பேர் கூப்பிட்டு ஆள் எண்ணுகிறவன். எல்லாப் பேரையும் சத்தமாகக் கூப்பிடுவேன், மலர்கொடி என்று உன் அம்மா பேர் வரும்போது மட்டும் சத்தம் இறங்கிவிடுகிறது.

அதற்காகத்தான் இடையஞ்சாவடிக்குப் போய் உன் அத்தை வீட்டுக்காரர் பஞ்சநாதன் மாமாவிடம் நின்றேன். அவருடைய முக்கால் காணி செம்மண் சும்மா கிடந்தது. போர் தண்ணீரும் பக்கத்திலேயே. "பயிர் வெச்சிப் பாரு மாப்ள. ரெண்டு போகம் பாக்கறேன். தேறலன்னா சவுக்கு வெச்சிடுவேன்" என்றார்.

முதல் போகம் தேறவில்லை. மார்கழியில் விதைத்தது, செடி முழங்காலைக் கூடத் தொடவில்லை. இலை கரும்பச்சையாக, தண்டு கத்திரிக்காய் நிறத்தில், ஏதோ கோபத்தில் இருப்பது மாதிரி நின்றது. பிடுங்கிப் பார்த்தால் காய் எலிப்பல் மாதிரி. நான் கஞ்சத்தனம் பண்ணவில்லை. டிஏபி உரம் கேட்டதற்கு மேலேயே போட்டேன்.

அதற்கு, மண் ஆராய்ச்சி படிக்க வெளிநாடு போன நீ என்ன சொன்னாய்? "அந்த மண்ணு முழுங்கியிருக்கும்பா, எங்க எரிமலை மண்ணு மாதிரி." சொல்லிவிட்டுச் சிரித்தாய். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "நீ படிக்கறது எரிமலை, இங்க இருக்கறது இடையஞ்சாவடி. இங்க எரிமலையும் இல்ல, மண்ணுக்கு வாயும் இல்ல" என்று கத்தினேன். அது தப்பு என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் கேட்கிறேன்: மண் எப்படி முழுங்கும்?

ஆடிப் பட்டம் ஒன்றுதான் மிச்சம். அதுவும் போனால் மாமா சவுக்கு வைத்துவிடுவார். உன் அம்மா உப்பளத்திலேயே இருப்பாள்.

இப்படிக்கு,
கலியமூர்த்தி

---

ககோஷிமா,
19 ஏப்ரல் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நீங்கள் போனைப் பிடுங்கிக்கொண்டுவந்த செடி பக்கம் திருப்பியபோது உங்கள் தலைப்பாகை அவிழ்ந்து கேமராவை மூடிவிட்டது. உள்ளே இருந்து "பாரு, நல்லாப் பாரு" என்று சத்தம் மட்டும் வந்தது. அதற்குத்தான் சிரித்தேன். பிறகு விளக்கம் சொல்ல நீங்கள் இடம் கொடுக்கவில்லை.

இப்போது யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

இங்கே வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் எரிமலை இருக்கிறது. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் காயப்போட்ட துணியெல்லாம் சாம்பல். மழைக்கு இல்லாமல் சாம்பலுக்குக் குடை பிடித்துக்கொண்டு போவதை இங்கே வந்துதான் பார்த்தேன். அந்தச் சாம்பல் ஆயிரக்கணக்கான வருஷம் மழையில் ஊறிக் கரைந்து மண்ணாகிறது. கரையும்போது அதிலிருந்து அலுமினியமும் இரும்பும் வெளியே வந்து, கண்ணுக்கே தெரியாத பொடியாக மண்ணில் தங்கிவிடுகின்றன. நம் வீட்டு அலுமினியப் பாத்திரம் மாதிரி பளபளப்பாக இருக்காது. அத்தனை நுணுக்கமான பொடி. ஒரு பிடி மண்ணில் இருக்கிற அந்தப் பொடியைப் பிரித்துப் பரப்பினால் நம் ஊர் பஸ் ஸ்டாண்டு போதாது. அவ்வளவு இடமும் காலியாக, எதையாவது பிடிக்கக் காத்திருக்கிறது.

நீங்கள் டிஏபி போடுகிறீர்கள். அதில் இருக்கும் பாஸ்பேட்தான் பயிருக்கு வேர் விட, காய் பிடிக்க வேண்டிய சத்து. அது தண்ணீரில் கரைந்து வேரைத் தேடிப் போகிறது. வழியில் இந்த உலோகப் பொடி பிடித்துக்கொள்கிறது. சும்மா ஒட்டிக்கொள்வது இல்லை. தண்ணீர் ஊற்றினால் கழன்று வராது. பஸ்ஸில் சீட்டுக் கிடைத்தவன் எழுந்திருப்பானா? அந்த மாதிரி உட்கார்ந்துவிடும். உட்கார்ந்த பாஸ்பேட் வேருக்குக் கிடைக்காது. நின்றுகொண்டு வருவதைத்தான் வேர் இழுத்துக்கொள்ள முடியும்.

இடையஞ்சாவடியில் எரிமலை இல்லை, சரி. ஆனால் செம்மண் ஏன் சிவப்பு? இரும்பு. அதிலும் சீட்டு இருக்கிறது. எங்கள் கறுப்பு எரிமலை மண் அளவுக்குப் பேராசை இருக்காது என்று நினைக்கிறேன், ஆனால் வேலை ஒன்றேதான்.

நான் ஆராய்வது இதற்கு மாற்று. மக்கிய எரு, இலை மக்கு இவற்றில் இருக்கும் சில அமிலங்கள் முதலிலேயே போய் அந்த உலோகத்தைப் பிடித்துக்கொண்டால்? ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பார்களே, அப்படி. துண்டு கிடக்கிற சீட்டில் பாஸ்பேட் உட்கார முடியாது. நின்றுதான் ஆக வேண்டும்.

நம்பவில்லை என்றால் நீங்களே பார்த்துவிடலாம். இறால் பண்ணையில் குளத்துத் தண்ணீரைச் சோதிக்க மோகன் அண்ணன் சொட்டு மருந்து வைத்திருப்பார். தண்ணீரில் பாஸ்பேட் இருந்தால் அது நீலமாகும். ஒரு குடம் தண்ணீரில் டிஏபி ஒரு சிட்டிகை கரையுங்கள். அதை மூன்று பாட்டிலில் ஊற்றுங்கள். ஒன்றில் எதுவும் போடாதீர்கள், ஒன்றில் கழுவிய ஆற்று மணல், ஒன்றில் உங்கள் செம்மண். நன்றாகக் குலுக்கித் தெளியவிட்டு, மேல் தண்ணீரை வடிகட்டிச் சோதியுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். போன போகத்தில் டிஏபியை வயலில் எப்படிப் போட்டீர்கள்? மறைக்காமல் எழுதுங்கள்.

அம்மாவிடம் கறுப்புக் கண்ணாடியைத் துடைத்துப் போடச் சொல்லுங்கள். போன வாரம் வீடியோவில் அதில் உப்பு பூத்திருந்தது.

அன்புடன்,
பூவிழி

---

மரக்காணம்,
4 மே 2025

அன்பு மகள் பூவிழிக்கு,

முழுங்கிடுச்சு! முழுங்கிடுச்சு கண்ணு!

எழுதும்போது கத்த முடியாது என்று உன் அம்மா சொன்னாள். முடியும் போலிருக்கிறது. எழுத்து கோணலாகப் போகிறது, பொறுத்துக்கொள்.

முதலில் ஒன்று. கடிதத்தில் என்னை நீங்கள், உங்கள் என்கிறாய். தாசில்தாருக்கு எழுதிய மனு மாதிரி இருக்கிறது. வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே எழுது.

இன்றைக்கு ஞாயிறு. மோகனின் இறால் பண்ணைக்கு நாங்கள் மூன்று பேர் போனோம். நான், உன் அம்மா, என் டிவிஎஸ்ஸில் பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்த பஞ்சநாதன் மாமா. "உரக்கடைக்காரன்கிட்ட கேக்கறத வுட்டுட்டு எறாகிட்ட கேக்கப் போறியே மாப்ள" என்றார். மண் அவருடைய வயலில் அவரே வெட்டியது. பிறகு பேச்சு வரக் கூடாது பார்.

நீ எழுதியபடியே பாட்டிலில் ஊற்றிக் குலுக்கினோம். மாமா கை ஓயக் குலுக்கிவிட்டு, "இத்தினி வருசத்துல சோடாவக் கூட இப்படிக் குலுக்கினதில்ல" என்றார். தெளிவதற்காக வைத்துவிட்டு மோகன் வீட்டில் இறால் குழம்பு சாப்பிட்டோம். உன் அம்மா நடுவில் எழுந்துபோய்ப் பாட்டிலைப் பார்த்துவிட்டு வந்தாள். நானும் போய்ப் பார்த்தேன். மாமா போகவில்லை, ஆனால் நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

பிறகு மோகன் சின்னக் கண்ணாடிக் குழாய்களில் வடிகட்டிய தண்ணீரை எடுத்து மருந்து விட்டான். சும்மா டிஏபி தண்ணீர், நீலம். பொங்கலுக்கு வாங்குகிற சொட்டு நீலம் மாதிரி நல்ல நீலம். மணல் போட்டது, அதுவும் நீலம். செம்மண் போட்டதில் மருந்து விட்டான். எல்லோரும் குனிந்து பார்க்கிறோம். தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறது. கொஞ்ச நேரம் போனால் நிறம் வரும் என்று நான் சொல்கிறேன். வரவே இல்லை.

மோகன் குழாயை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தான். "அண்ணே, உங்க டிஏபியக் காணோம்."

"நீ மருந்து ஊத்தாம வுட்டிருப்ப" என்றார் மாமா.

"நீங்களே ஊத்துங்க பெரியவரே."

மாமா தன் கையாலேயே இன்னொரு தடவை ஊற்றினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். வெறும் தண்ணீர்தான்.

உன் அம்மாதான் முதலில் பேசினாள். "அப்ப நாலு மாசமா நாம பயிருக்குச் சோறு போடலியா? மண்ணுக்குத்தான் போட்டோமா?"

பூவிழி, நான் உப்பளத்தில் வளர்ந்தவன். கடல் தண்ணீர் வெயிலில் உப்பாவதைத் தினமும் பார்க்கிறேன், எனக்கு அது அதிசயமில்லை. ஆனால் ஒரு பிடி மண்ணு, கண்ணெதிரே, மூட்டை விலைக்கு விற்கிற சாமானைக் ஏப்பம் கூட விடாமல் முழுங்கிவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி பாட்டிலின் அடியில் படுத்திருக்கிறதே! அதற்கு வாய் இல்லை என்று உன்னிடம் கத்தினேன். எனக்குத்தான் வாய் அதிகம்.

அடுத்து நீ கேட்ட கேள்வி. எப்படிப் போட்டேன்? எழுத வெட்கமாக இருக்கிறது, எழுதுகிறேன்.

உப்பளத்தான் போடுகிற மாதிரி போட்டேன். நம் பாத்தியில் தண்ணீர் ஒரே மட்டமாக நிற்க வேண்டும், எல்லா மூலையிலும் உப்பு ஒரே மாதிரி இறங்க வேண்டும். ஓர் ஓரத்தில் கூடக்குறைய இறங்கினால் மேஸ்திரிக்கு அவமானம். அந்தப் பழக்கத்தில் டிஏபியை நன்றாகப் பொடித்து, சலித்து, தெற்கு வடக்காக ஒரு முறை, கிழக்கு மேற்காக ஒரு முறை வீசி, பலகை போட்டு இழுத்து, ஒரு சாண் இடம் விடாமல் கலந்தேன். இன்னும் ஒன்று இருக்கிறது. பிறகு ஆள் வைத்து மிதித்தேன். பாத்தி அடியை இறுக்குவதற்கு வரிசையாக நின்று மிதிப்போமே, அதே மாதிரி. நல்ல வயல் என்றால் காலுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும் என்று நினைத்துவிட்டேன்.

இதை இன்றைக்குத்தான் மாமாவிடம் சொன்னேன். டிவிஎஸ்ஸில் இருந்து இறங்கி, ரோட்டு ஓரத்தில் நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடப்பாவி, வயல்ல உப்பு வெளைய வெக்கப் பாத்திருக்கியே!"

ஆடிக்கு என்ன செய்வது? சீக்கிரம் எழுது. தூக்கம் வராது எனக்கு.

உன் அப்பன்,
கலியமூர்த்தி

---

ககோஷிமா,
6 மே 2025

அன்புள்ள அப்பா,

உன் கடிதத்தை லேபில் வைத்துப் படித்திருக்கக் கூடாது. "மிதித்தேன்" என்ற இடத்தில் நான் சிரித்த சிரிப்புக்குப் பக்கத்து மேசைப் பையன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

மிதித்தது இருக்கட்டும், அதை உழுது சரிசெய்துவிடலாம். உண்மையான தப்பு, நீ அவ்வளவு அழகாகக் கலந்தாயே, அதுதான். உப்பு யாரிடமும் ஒட்டாது அப்பா. தண்ணீர் போகிற இடமெல்லாம் போகும். அதனால் அதைச் சமமாகப் பரப்பலாம். பாஸ்பேட் அப்படி இல்லை. நீ பொடித்துச் சலித்து மண்ணின் ஒவ்வொரு துளியிலும் கலந்தபோது, ஒவ்வொரு இரும்புத் துகளுக்கும் ஒரு வாய் ஊட்டிவிட்டாய். யாரும் பசியோடு போகவில்லை, மல்லாட்டையைத் தவிர.

இந்த மண்ணில் ஒழுங்கு உதவாது. ஓரவஞ்சனைதான் உதவும். விதை வரிசைக்குப் பக்கத்தில் ஒரு கோடு கிழி. மொத்த டிஏபியையும் அந்தக் கோட்டில் மட்டும் போடு. அந்தக் கோட்டில் இருக்கிற இரும்பு முழுங்குகிற வரைக்கும் முழுங்கும், சீட்டு நிரம்பிவிடும், மிச்சம் நின்றுகொண்டிருக்கும். வயலின் மற்ற இரும்புக்கு வாசனை கூடத் தெரியாது. கோட்டில் முதலில் நன்றாக மக்கிய தொழு உரம் போட்டு, அதோடு சேர்த்து டிஏபி போடு. அதுதான் துண்டு. குருணையைப் பொடிக்காதே, அப்படியே போடு. போன முறை போட்டதில் பாதி போதும்.

முக்கியம்: கோடு விதையிலிருந்து மூன்று விரல் தள்ளி, கொஞ்சம் கீழே இருக்க வேண்டும். உரம் விதையைத் தொடக் கூடாது.

இன்னொன்று. ஓரத்தில் நாலு வரிசையைப் பழைய மாதிரியே கலந்து போடு. மிதிக்காமல். அது இல்லாவிட்டால், நன்றாக விளைந்தால் மாமா மழை என்பார், விளையாவிட்டால் பூவிழி என்பார்.

பூவிழி

---

மரக்காணம்,
21 ஜூலை 2025

அன்பு மகளுக்கு,

நல்ல சேதி முதலில். உழுதோம். மாட்டுக் கொட்டகை எரு, பழையது, கறுப்பாகக் காபித்தூள் மாதிரி, உன் அத்தை கொடுத்தாள். விதைத்தோம். நாலு வரிசை பழைய மாதிரி போட்டபோது உன் அம்மாவுக்கு மனசே வரவில்லை. "தெரிஞ்சே நாலு புள்ளைய பட்டினி போடறதா?" என்றாள். உன் பேரைச் சொல்லித்தான் சம்மதிக்க வைத்தேன். மாமா தினம் சாயங்காலம் வரப்பில் வந்து நிற்கிறார். சவுக்குக் கன்றுக்குச் சொல்லிவைத்திருக்கிறாராம், ஐப்பசிக்குப் பிறகு வண்டி வருமாம். அதைச் சும்மா தகவலாகச் சொல்வது மாதிரி சொல்கிறார்.

இப்போது மற்ற சேதி.

விதைப்பு அன்று மதியம் உன் அம்மா அத்தை வீட்டுக்குத் தண்ணீர் குடிக்கப் போனாள். நான் தனியாக வரிசை போட்டுக்கொண்டு போனேன். போகும்போது ஒரு யோசனை. சின்னக் குழந்தைக்குச் சோற்றைத் தட்டில் போட்டு மூன்று விரல் தள்ளி வைப்பார்களா? வாயில் அல்லவா ஊட்டுவார்கள்? பூவிழி படிக்கிற படிப்பில் விரல் கணக்கெல்லாம் இருக்கும், நாம் கொஞ்சம் பாசமாகவே போடுவோம் என்று விதையையும் டிஏபியையும் ஒரே குழியில் போட்டேன். அவள் திரும்பி வருவதற்குள் நடுவில் ஒரு பங்கு வயல் முடித்துவிட்டேன். வேகமாக வேலை செய்தேன் என்று பாராட்டுக்கூட வாங்கினேன்.

நேற்று முளைப்புப் பார்த்தோம். உன் அம்மா போட்டது வரிசையாக முளைத்து நிற்கிறது. நான் பாசம் காட்டிய இடம் மட்டும் சொட்டை. தோண்டிப் பார்த்தால் விதை வெந்த மாதிரி கறுத்துக் கிடக்கிறது.

நான்தான் செய்தேன் என்று இன்னும் அவளிடம் சொல்லவில்லை. எறும்பு என்று சொல்லியிருக்கிறேன். என்ன செய்யலாம்?

அப்பா

---

ககோஷிமா,
21 ஜூலை 2025

அப்பா,

மூன்று விரல் என்று எழுதினேன். முக்கியம் என்று எழுதினேன். தொடக் கூடாது என்று எழுதினேன்.

டிஏபி கரையும்போது அம்மோனியா வரும். முளைக்கிற விதையை அது சுட்டுவிடும். எறும்பு இல்லை, நீதான்.

போகம் ஒன்றுதான் மிச்சம் என்று எனக்கு எழுதியது யார்? அது உன் வயல் இல்லை அப்பா, அம்மாவின் கண். இன்றைக்கே அம்மாவிடம் சொல். சொட்டையான இடத்தில் பழைய குழிக்குத் தள்ளி, வேறு விதையை ஊறவைத்து ஊன்றுங்கள். இந்த வாரத்துக்குள். தாமதமானால் காய் ஒன்றாக முற்றாது.

நான் இனி எதுவும் எழுதப்போவதில்லை. எழுதினால் நீ படிப்பதில்லை.

பூவிழி

---

மரக்காணம்,
24 ஜூலை 2025

அன்பு மகளுக்கு,

சொல்லிவிட்டேன். உன் அம்மா கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. விதையை ஊறவைத்தாள், மறுநாள் காலை முதல் பஸ்ஸில் இடையஞ்சாவடி போனாள். நான் பின்னாலேயே டிவிஎஸ்ஸில் போனேன். ஒவ்வொரு குழியாக, பழையதற்குத் தள்ளி, விரல் வைத்து அளந்து ஊன்றினாள். அன்றைக்கு உப்பளத்துக்கு அவள் வரவில்லை, அடுத்த நாளும் வரவில்லை. கூலி போயிற்றே என்று நான் வாயைத் திறந்தபோது, "நீ பேசாத" என்றாள்.

இப்போது எனக்கு வயலுக்குள் இறங்க அனுமதி இல்லை. வரப்பு வரைக்கும்தான். மாமாவும் நானும் வரப்பில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறோம். "ஏன் மாப்ள, உள்ள போவல?" என்றார். "காத்து வாங்கறேன் மாமா" என்றேன்.

நீ எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன். நீ எழுதியதை இந்தத் தடவை மூன்று முறை படித்தேன். அப்பனை நீ என்று திட்டுவதற்கு நான்தானே உத்தரவு கொடுத்தேன்!

அப்பா

---

ககோஷிமா,
14 செப்டம்பர் 2025

அன்புள்ள அப்பா,

எழுதமாட்டேன் என்று சொன்னவள் எழுதுகிறேன். நீ அனுப்பிய வயல் போட்டோக்களை எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பதில் போடவில்லை, அவ்வளவுதான். அம்மா ஊன்றிய செடிகளும் பூ எடுத்துவிட்டன என்று தெரிகிறது. காய் பருக்க ஜிப்சம் போட்டாயா? தயவுசெய்து கடையில் வாங்கியதைப் போடு. உப்பளத்தின் அடியில் சுரண்டிய ஜிப்சத்தைப் போடாதே, அதில் உப்பு இருக்கும்.

போன வாரம் எங்கள் துறையில் என் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசினேன். மக்கு சேர்த்த எரிமலை மண்ணில் பாஸ்பேட் உண்மையாகவே குறைவாகத்தான் சிக்குகிறது. துண்டு போடுகிற கதையைச் சொன்னேன். முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஒரு பெண், இங்கே சாப்பாட்டுக் கூடத்தில் கைக்குட்டை வைத்து இடம் பிடிப்போம் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். என் பேராசிரியர் சிரிக்கவில்லை. "இது உன் மண்ணில். வேறு மண்ணில் நடக்கும் என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

அப்பா, அன்றிலிருந்து எனக்கு ஒரு பயம். நான் சோதித்தது எல்லாம் சின்னத் தொட்டியில், இந்த ஊர்க் கறுப்பு மண்ணில். உன் செம்மண்ணை நான் கையால் தொட்டது கூட இல்லை. மூன்று விரல், பாதி டிஏபி என்று ரொம்பத் தெரிந்தவள் மாதிரி எழுதிவிட்டேன். செடி பச்சையாக இருப்பதை வைத்துக் கீழே காய் இருக்கிறது என்று சொல்ல முடியாது. பிடுங்கினால்தான் தெரியும். ஒருவேளை இல்லாவிட்டால், அதை அம்மாவிடம் நானே சொல்ல வேண்டும். நீ எறும்பு என்று சொல்லிவிடாதே.

பிடுங்குகிற அன்று உடனே எழுது. நல்லதோ கெட்டதோ.

பூவிழி

---

மரக்காணம்,
26 அக்டோபர் 2025

அன்பு மகள் பூவிழிக்கு,

உடனே எழுதச் சொன்னாய். பிடுங்கியது புதன்கிழமை, எழுதுவது ஞாயிறு. ஏன் தாமதம் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் காயைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கடைசிப் பக்கத்தைப் புரட்டிவிடுவாய்.

காய் இருக்கு! நிறைய இருக்கு!

புதன்கிழமை காலையில் எல்லோரும் வயலில் இருந்தோம். எனக்கும் அன்றைக்கு உள்ளே இறங்க அனுமதி. முதல் செடியை யார் பிடுங்குவது என்று ஒரு தயக்கம். உன் அம்மா என்னைப் பார்க்கிறாள், நான் அவளைப் பார்க்கிறேன். பஞ்சநாதன் மாமா, "என்னா, முகூர்த்தத்துக்கா காத்திருக்கீங்க?" என்று செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். நேராக ஓரத்து நாலு வரிசைக்குத்தான் போனார். ஒரு செடியைப் பிடுங்கி உதறினார். போன போகத்து எலிப்பல்லை விடக் கொஞ்சம் பெரிசு. ஒன்றிரண்டு காய், மிச்சம் காய் பிடிக்காத வெறும் விழுது. உன் கடிதத்தில் இருந்த பயமெல்லாம் எனக்கு ஏறிக்கொண்டது.

பிறகு உன் அம்மா போட்ட வரிசைக்கு வந்தார். பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னும் குனிந்து, ரெண்டு கையாலும் இழுத்தார். மண்ணோடு சேர்ந்து பொலபொலவென்று வந்தது. உதறினால் காய் ஒன்றோடு ஒன்று இடித்துச் சத்தம் வருகிறது பூவிழி! கொத்துக் கொத்தாக, தாலிக் கயிற்றில் குண்டு கோத்த மாதிரி. வேர் எல்லாம் அந்தக் கறுப்பு எருக் கோட்டை நோக்கித்தான் ஓடியிருக்கிறது. அதற்குள் நுழைந்து முடியை வாரிவிட்ட மாதிரி அடர்த்தியாகக் கிளைத்திருக்கிறது. வெளியே சிவப்பு மண்ணில் பேருக்கு நாலு வேர். நீ வந்து பார்த்திருக்க வேண்டும். போட்டோ அனுப்பியிருக்கிறேன், உன் பேராசிரியரிடம் காட்டு. இது வேறு மண், செம்மண், இடையஞ்சாவடி மண் என்று சொல். இங்கேயும் துண்டு செல்லுபடியாகிறது என்று சொல்.

நான் பாசம் காட்டிய இடத்தில் அம்மா பிறகு ஊன்றிய செடிகள் இன்னும் முற்றவில்லை. காய் உண்டு, பால் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை இன்னும் பத்துப் பதினைந்து நாள் விட்டுவைக்கிறோம். அது வரைக்கும் வயல் நடுவில் என் பங்கு பச்சையாக நின்று என்னைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருக்கும்.

மாமா ஒரு காயை உடைத்து வாயில் போட்டார். மென்றார். இன்னொன்றை உடைத்தார். வரப்பில் ஏறிச் செருப்பை மாட்டினார். எனக்கோ, சவுக்கு வண்டி வந்துவிடுமோ என்ற பயம் இன்னும் தீரவில்லை. நிலம் நல்லது என்று தெரிந்துவிட்டது, அவரே பயிர் வைத்துக்கொள்கிறேன் என்று கூடச் சொல்லலாம். பின்னாலேயே போனேன்.

"மாமா..."

"என்னா?"

"சவுக்கு..."

"நர்சரிக்காரனுக்கு நீ ஒரு போன் போடு மாப்ள. கன்னு வாணாம்னு சொல்லு. என் போன்ல சார்ஜ் இல்ல."

சட்டைப் பையில் போன் வெளிச்சமாக எரிந்துகொண்டிருந்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்தார். உன் அம்மா பக்கம் திரும்பி, "மலரு, மார்கழிக்கும் நீயே வெச்சிக்க. அதுக்கப்பறமும் நீயே வெச்சிக்க. ஆனா ஒண்ணு, வெதைக்கற அன்னிக்கு இவன எங்கியாவது அனுப்பி வெச்சிடு" என்றார்.

உன் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். உப்பு மேட்டு வெளிச்சம் அங்கே இல்லை, இருந்தும் துடைத்தாள்.

காயை மினி லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, மொட்டை மாடி, தெருவோரம், இடம் கிடைத்த பக்கமெல்லாம் காயப்போட்டோம். வெள்ளிக்கிழமை மதியம் மேகம் திரண்டது. கிழக்கே கடல் மேல் ஒரே கறுப்பு. உப்பளத்தில் இந்த வருஷத்துக் கடைசி உப்பு மேடு மேடாகக் கிடக்கிறது. மழை விழுந்தால் போயிற்று. கிடைத்த ஆளையெல்லாம் கூட்டிக்கொண்டு கீற்றும் தார்ப்பாயும் போட ஓடினேன். ஆள் பத்தவில்லை. காற்று தார்ப்பாயைப் பிடுங்குகிறது. வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் கூப்பிடாமலே முதலில் வந்து நிற்கிறவள் உன் அம்மாதான். போன் போட்டேன்.

"எங்க இருக்க? ஆளு பத்தல, ஓடியா!"

"நான் வர்ல."

"மழ வருது!"

"அதான் வர்ல. இங்க காய் காயுது. உன் உப்ப நீ பாத்துக்க, என் மல்லாட்டைய நான் பாத்துக்கறேன். தையில உப்பு ஆரம்பிக்கும்போதும் வேற ஆளு பாத்துக்க. போன வை."

வைத்துவிட்டாள். நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். தார்ப்பாயின் அந்த முனையைப் பிடித்திருந்த கமலாம்பாள் கத்தினாள்.

"மேஸ்திரி! என்னா நின்னுட்ட? மலரக்கா வருதா, வர்லியா?"

"வரமாட்டா! அவளுக்கு வயலு இருக்கு! இனிமே வரவேமாட்டா!"

அதை நான் சாதாரணமாகத்தான் சொன்னேன் என்று நினைத்தேன். எல்லோரும் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்துப் பாத்திக்காரன் கூடப் பார்த்தான். அவ்வளவு சத்தமாகக் கத்தியிருக்கிறேன்.

முழுவதையும் மூடுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஓரத்தில் ஒரு மேடு எங்கள் கண்ணெதிரே கரைந்து ஓடிற்று. நேற்றும் இன்றும் அதைச் சரிசெய்வதிலேயே போய்விட்டது, அதனால்தான் கடிதம் தாமதம். கரைந்தால் கரையட்டும் போ.

இப்படிக்கு,
விவசாயி மலர்கொடியின் வீட்டுக்காரர்,
உன் அப்பன்